கல்லடி டொக்கு என்று ஐந்து வருடம் நம்பிய பெட்ரோல் டேங்கு

எங்கள் வீட்டு மாருதி 800, அப்பா 1994-இல் வாங்கியது. கார்புரேட்டர் வண்டி, இன்னும் ஓடுகிறது. நீலகிரியில், கோத்தகிரியிலிருந்து கொடநாடு போகிற ரோட்டில் உள்ளே இறங்கும் ஒரு ஊரில் இருக்கிறோம். கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் காய்கறி. உரத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ மாதம் ஒருமுறையாவது மேட்டுப்பாளையம் இறங்கி ஏற வேண்டியிருக்கும். இந்த வண்டியின் பெட்ரோல் டேங்கில் விழுந்த டொக்கை, அதாவது தகடு உள்ளே குழிந்ததைப் பற்றி வீட்டில் எல்லோரும் ஒரு கதையை நம்பிக்கொண்டிருந்தோம். டேங்கைக் கழற்றிய அன்றுதான் அது பாதிக் கதை என்று தெரிந்தது. மலையில் பழைய கார் வைத்திருக்கிற யாருக்காவது பயன்படும் என்பதால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

2019 ஆகஸ்டு, அவலாஞ்சி பக்கம் பேய்மழை கொட்டிய அந்த வாரம். எங்கள் ஊர் ரோட்டிலும் மண் சரிந்து, சிறு பாலத்துக்குப் பக்கத்தில் கல்லெல்லாம் உருண்டு கிடந்தது. அப்பா மெதுவாகத்தான் ஓட்டினார், ஆனாலும் ஒரு கல் அடியில் மாட்டி 'கர்ர்' என்று இழுத்துக்கொண்டு போனது. இறங்கிக் குனிந்து பார்த்தோம். டேங்கின் அடிப்பக்கம், முன் விளிம்பை ஒட்டி, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு உள்ளே போயிருந்தது, கருப்புப் பூச்சு உரிந்து தகரம் பளபளவென்று தெரிந்தது. ஒழுகவில்லை. ஒழுகாத டேங்கைக் கழற்றுவானேன் என்று விட்டுவிட்டோம். அன்று அந்த இடத்தைத் தேய்த்துத் துரு பிடிக்காத பெயின்டாவது அடித்திருக்க வேண்டும், அதை விட்டது தப்பு என்று இப்போது தெரிகிறது.

2022 மார்ச்சில், மேட்டுப்பாளையத்தில் ஒரு பங்கில் பெட்ரோல் போட்டுவிட்டு மூடியை மறந்து வந்துவிட்டோம். திரும்பிப் போனபோது இல்லை. பக்கத்துக் கடையில் சாவி போட்டுப் பூட்டுகிற மூடி ஒன்று கிடைத்தது, திருகிப் பார்த்தோம், சரியாக உட்கார்ந்தது, பூட்டும் இருக்கிறது, நல்லதுதானே என்று வாங்கிப் போட்டோம். இதை அப்போது யாரும் ஒரு சம்பவமாகவே நினைக்கவில்லை, அதனால்தான் பிறகு மெக்கானிக் கேட்டபோது கூட எங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து வண்டி வழியில் நிற்க ஆரம்பித்தது. எப்போதும் ஒரே மாதிரி. மேட்டுப்பாளையத்தில் கிளம்பி குஞ்சப்பனை தாண்டி இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருக்கும்போது இழுவை குறையும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மூச்சு வாங்குகிற மாதிரி திணறும், அப்புறம் நின்றுவிடும். கால் மணி நேரம் ஓரங்கட்டி வைத்தால் தானாக ஸ்டார்ட் ஆகி அரவேனு வரை ஒன்றும் நடக்காத மாதிரி வரும். ஏறுகிற ரோட்டில், வெயில் நேரத்தில், கார்புரேட்டர் வண்டி இப்படி நின்றால் எந்த மெக்கானிக்கும் முதலில் சொல்வது ஏர் லாக் என்பதுதான். சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிப் பம்பு இழுக்க முடியாமல் போவது. இந்த வண்டியில் பம்பு இன்ஜினிலேயே இருக்கிறது, அது சூடாகும், பம்பின் மேல் ஈரத்துணி போட்டால் சரியாகும், மலையில் எல்லா டிரைவருக்கும் தெரிந்த வைத்தியம். நாங்களும் ஈரத்துணி போட்டோம். கால் மணியில் சரியானது. துணி போடாமல் விட்டிருந்தாலும் அதே கால் மணியில் சரியாகியிருக்கும் என்று சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இப்படியே இரண்டரை வருடம். பம்பு மாற்றினோம், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி கிட் போட்டோம், ஃபில்டர் மூன்று முறை, பிளக், பாயின்ட். செலவு எட்டாயிரத்தைத் தாண்டியது. கோத்தகிரியில் எங்கள் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் அண்ணன் பொறுப்பானவர், எதையும் வேண்டுமென்று மாற்றுகிறவர் இல்லை, அவரும் குழம்பினார். கடைசியில் அவர்தான், "டேங்குல டொக்கு இருக்குன்னு சொன்னீங்களே தம்பி, அந்த டொக்கு உள்ள இருக்கற உறிஞ்சற குழாய் வாயில முட்டிட்டு நிக்குதோ என்னவோ" என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். டேங்கின் அடித்தகட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் அந்தக் குழாயின் வாய் இருக்கும், தகடு மேலே எழும்பினால் வாய் அடைபடும். எரிபொருள் முள்ளும் சில மாதங்களாகக் கால் பங்குக்குக் கீழே சிக்கிச் சிக்கித்தான் இறங்கியது, மிதவையின் கம்பி எதிலோ இடிக்கிறது என்று அர்த்தம். சரி, டேங்கைக் கழற்றி டொக்கை எடுப்போம், முடியாவிட்டால் வேறு டேங்கு போடுவோம் என்று முடிவு செய்தோம். இது 2024 நவம்பர்.

வேறு டேங்கு தேடிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மாருதி 800 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற வண்டி. ஓடியவை ஏராளம், அதனால் ஸ்பேருக்குப் பஞ்சமில்லை என்று நினைத்திருந்தோம். கோயம்புத்தூர் உக்கடம் பக்கம் பழைய ஸ்பேர் கடைகளில் நண்பன் ஒருவன் தேடி ஒரு டேங்கின் படம் அனுப்பினான். துருவில்லாமல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேலே பெரிய வட்ட ஓட்டை, அதாவது பம்பு டேங்குக்குள்ளேயே உட்காரும் பிற்கால இன்ஜெக்‌ஷன் வண்டியின் டேங்கு. கார்புரேட்டர் வண்டியில் அப்படியே மாட்ட முடியாது. ஓட்டையை மூடிக் குழாய் வைத்து மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாராம். வெட்டி ஒட்டிய டேங்கைப் பின் சீட்டில் உட்காருகிற அம்மாவுக்குக் கீழே வைக்க எனக்கு மனசில்லை. கார்புரேட்டர் வண்டி டேங்கு இரண்டு கிடைத்தது, இரண்டும் மடிப்பு ஓரத்தில் துரு தின்றவை. பழைய டேங்கு வாங்கும்போது அடிப்பக்கத்தை விட மேல் தகடும் கீழ் தகடும் சேருகிற அந்த மடிப்பைத்தான் பார்க்க வேண்டும், சேறு தங்குவது அங்கேதான். ஆக, நம் டேங்கையே பார்ப்போம் என்று ஆனது.

கழற்றும் வேலை. மலையில் சமதரை கிடைப்பதே பெரிய பாடு, எங்கள் ஷெட்டுக்கு முன்னால் சிமெண்டு போட்ட முற்றம் ஒன்றுதான் மட்டமான இடம். நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்து, பின்பக்கம் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் இரண்டு ஸ்டாண்டு கொடுத்தோம். பேட்டரியின் நெகட்டிவ் கழற்றினோம். இருந்த பெட்ரோலைக் கேனில் வடித்தோம். ஒயர் இழுத்துப் போடுகிற பல்பு வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார், வெளிச்சத்துக்கு டார்ச் மட்டும். பெட்ரோல் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனம், அது மேலே போய்க் கலைந்துவிடாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். எங்கள் முற்றத்துக்குக் கீழே ஒரு படி தள்ளித்தான் அம்மாவின் விறகடுப்பு இருக்கிறது. அன்று காலையே அடுப்பை அணைக்கச் சொன்னோம், மதியச் சாப்பாடு சித்தி வீட்டிலிருந்து வந்தது.

நான்கு போல்ட்டில் இரண்டு துருவேறி அசையவில்லை. டபிள்யூடி-40 அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டு மறுநாள் கழற்றினோம். ரப்பர் குழாய்கள் கையில் எடுத்தபோதே பிளந்தன, முப்பது வருட ரப்பர். டேங்கு இறங்கியது. முற்றத்தில் சாக்கு விரித்து வைத்தோம்.

முதலில் பார்த்தது அடிப்பக்கம். கல்லடி அங்கே இருந்தது, ஐந்து வருடம் முன்பு பார்த்த அதே இடம், அதே உள்ளங்கை அளவு. கீறல் கோடுகள் முன்னாலிருந்து பின்னால் ஓடின, நடுவில் தகடு கத்தி மடிப்பு மாதிரி ஒரு கோடாக மடங்கியிருந்தது, மடிப்பில் துரு. ஆனால் அதற்குப் பின்னால், கல் படாத இடமெல்லாம், அடித்தகடு முழுக்க ஒரு தாம்பாளம் மாதிரி உள்ளே குழிந்திருந்தது. அங்கே கீறலே இல்லை. பழைய கருப்புப் பூச்சு ஒரு இடத்தில் கூட உரியவில்லை.

அண்ணன் ஒன்றும் பேசாமல் டேங்கைத் திருப்பினார். மேல் தகடும் உள்ளே போயிருந்தது. அடியை விட ஆழமாக, நடுவில் நான்கு விரல் இறங்கும் அளவுக்கு.

"இது கல்லு அடிச்ச டொக்கு இல்ல தம்பி. மேல சீட்டுக்கும் டேங்குக்கும் நடுவுல எந்தக் கல்லு போய் அடிக்கும்? இது உறிஞ்சிக்கிட்டது."

நான் முழுதாக நம்பவில்லை. அப்பா வீட்டுக்குள் போய் நோட்டை எடுத்து வந்தார். அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் ஃபுல் டேங்கு போடுவார், போட்ட தேதியும் லிட்டரும் கிலோமீட்டரும் எழுதுவார், வண்டி வாங்கிய நாளிலிருந்து. அந்த நோட்டைப் படிக்கட்டில் உட்கார்ந்து மூன்று பேரும் பார்த்தோம். 2018-இல் ஒவ்வொரு முறையும் 23.8, 24.1, 23.9. கல் அடித்த பிறகு 2019 கடைசியில் 23.3, 23.4. அதாவது கல் தின்றது அரை லிட்டர், அவ்வளவுதான். 2020, 2021, 2022 முழுக்க அதே 23 சொச்சம். 2023 ஜனவரி கடைசியில் 20.2. அந்த வருடம் முழுக்க 20. 2024 ஜனவரிக்குப் பிறகு 16.8. கல் ஒருமுறைதான் அடித்தது. டேங்கு சிறுத்தது இரண்டு தவணையில், இரண்டும் உறைபனிக் காலத்தில்.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போது டீ கொண்டுவந்த அம்மா சொன்னதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "போன மார்கழியில ராத்திரி ஷெட்டுல தகர டப்பா விழுந்த மாதிரி டொங்குன்னு கேட்டுச்சு, அப்பாகிட்ட சொன்னேன், பூனைன்னு சொல்லிட்டார்." அது டேங்கு.

எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மலைக்காரர்களுக்கு இதில்தான் விஷயம் இருக்கிறது. டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். எங்கள் டேங்குக்குக் காற்று வர இரண்டு வழி. ஒன்று மூடிக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் வால்வு, இன்னொன்று டேங்கின் மேலிருந்து போகும் விரல் தடிமன் கூட இல்லாத காற்றுக் குழாய். அந்தக் குழாயை ஊதிப் பார்த்தோம், போகவில்லை. சைக்கிள் பிரேக் கம்பியை விட்டுக் குத்தியபோது காய்ந்த மண் உதிர்ந்தது, பின்னாலேயே ஒரு சின்னப் புழுக்கூடு. குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது, எத்தனை வருடம் முன்போ. பழைய மூடியின் வால்வு வேலை செய்துகொண்டிருந்த வரை ஒன்றும் தெரியவில்லை. 2022-இல் நாங்கள் வாங்கிப் போட்ட பூட்டு மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தால், உள்ளே வெறும் தகடும் ரப்பர் வாஷரும்தான். வால்வே கிடையாது. இரண்டாவது வழியை நாங்களே அடைத்துவிட்டோம்.

வெயில் நேரத்தில் மேட்டுப்பாளையத்தில் ஃபுல் டேங்கு போட்டு மூடிப் பூட்டுகிறோம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800. ஏறும்போது இரண்டு மூன்று லிட்டர் எரிகிறது, அந்த இடத்துக்குக் காற்று வரவில்லை. பம்பு வெற்றிடத்தோடு மல்லுக்கட்டி இழுக்கிறது, ஒரு கட்டத்தில் முடியவில்லை, வண்டி நிற்கிறது. கால் மணி நிறுத்தினால் பெட்ரோல் கொஞ்சம் ஆவியாகி உள்ளே அழுத்தத்தை ஓரளவு சரிசெய்கிறது, மறுபடி ஓடுகிறது. குஞ்சப்பனைக் கணக்கு இதுதான். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் டேங்கு அந்த நேரத்தில் தப்பித்துவிடும், ஏறும் வழியில் அது நசுங்கவில்லை. நசுங்கியது ராத்திரியில். கீழே 32 டிகிரியில் இருந்த பெட்ரோல் மார்கழி இரவில் 6, 7 டிகிரிக்கு வருகிறது. 25 லிட்டர் பெட்ரோல் 25 டிகிரி குளிர்ந்தால் அரை லிட்டருக்கு மேல் சுருங்கும். அதோடு உள்ளே நிறைந்திருந்த ஆவி பெரும்பகுதி மறுபடி திரவமாகிவிடும். உள்ளே தாங்குவதற்கு ஒன்றுமில்லை, வெளிக்காற்று அழுத்துகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிராம் வித்தியாசம் வந்தால் கூட, 50-க்கு 40 சென்டிமீட்டர் தகட்டில் அது 300 கிலோ. ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத தகடு எவ்வளவு நேரம் தாங்கும்?

பங்குப் பையன் ஒருவன் இதை இரண்டு வருடம் முன்பே சொல்லியிருக்கிறான். மூடியைத் திறக்கும்போது 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாகச் சத்தம் வரும், "அண்ணா, உள்ள காத்து இழுக்குது" என்றான். வெயிலில் நின்ற வண்டி, ஆவி வெளியே வருகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். வெளியே தள்ளுகிறதா உள்ளே இழுக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு மெல்லிய காகிதத்தை மூடி ஓரத்தில் பிடித்தாலே போதும், வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். வண்டி நின்ற இடத்தில் மூடியைத் திறந்து உடனே ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

காரணம் தெரிந்தபின் டொக்கை எடுப்பது எப்படி என்ற கேள்வி. கம்பரசர் காற்றைக் கொடுத்தால் உடனே வெளியே வந்துவிடும் என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னார். அண்ணன் மறுத்துவிட்டார், அவர் மறுத்தது சரி. அமுக்கிய காற்று சக்தியைச் சேர்த்து வைத்திருக்கும், மடிப்பு எங்காவது விட்டால் டேங்கு வெடித்த மாதிரி பிரியும். தண்ணீர் அமுங்காது, டேங்கு விட்டாலும் ஒரு கை தண்ணீர் பீச்சும், அதோடு முடிந்தது. பாய்லர், சிலிண்டர் எல்லாவற்றையும் தண்ணீர் நிரப்பிச் சோதிப்பது இதனால்தான்.

டேங்கை ஒரு நாள் திறந்து காற்றில் வைத்து, சுடுதண்ணீரும் சலவை சோடாவும் போட்டு மூன்று முறை குலுக்கிக் கழுவினோம். பிறகு குழாய் வாய்களையெல்லாம் ரப்பர் துண்டு போட்டுக் கிளிப்பால் இறுக்கினோம். மூடி வாய்க்கு ஒரு தடித்த ரப்பர் ஹோஸ் மாட்டி, அதில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் நீள ஹோஸை இணைத்து, குமிழி இல்லாமல் முழுக்கத் தண்ணீர் நிரப்பினோம். எங்கள் முற்றத்திலிருந்து மேல் தோட்டத்துக்குக் கல் படிக்கட்டு போகிறது. ஹோஸின் மறுமுனையில் ஒரு புனலைச் சொருகி, நான் அதைப் பிடித்துக்கொண்டு படியேற வேண்டும், தம்பி மகன் புனலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். தண்ணீர் மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் டேங்கில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் அழுத்தம். மலைச்சரிவில் வீடு இருப்பதில் இப்படியும் ஒரு வசதி.

ஒவ்வொரு படியிலும் நின்று அண்ணன் "ம்" சொன்ன பிறகுதான் அடுத்த படி. நான்காவது படி வரை ஒன்றும் இல்லை. ஆறாவது படியில் தகரம் முனகுகிற மாதிரி ஒரு சத்தம். அண்ணன் உள்ளங்கையை மேல் தகட்டில் வைத்துக் குனிந்து நின்றார், நான் மேலிருந்து அவருடைய தொப்பியைத்தான் பார்த்தேன். ஒன்பதாவது படியில் கால் வைத்து ஹோஸைத் தூக்கியதும் 'டொங்' என்று ஒரு சத்தம், ஊருக்கே கேட்டிருக்கும், புனலில் இருந்த தண்ணீர் சர்ரென்று உள்ளே இறங்கிவிட்டது. அம்மா சமையலறையிலிருந்து வெளியே ஓடி வந்து, "இதே சத்தந்தான்!" என்றார்.

மேல் தகடு முக்கால்வாசி வெளியே வந்துவிட்டது. மறுபடி புனலை நிரப்பி இன்னும் மூன்று படி ஏறினேன், அடித்தகடும் தளர்ந்து இறங்கியது. பதிமூன்றாவது படியில் பக்கவாட்டுத் தகடு லேசாகப் புடைப்பதைப் பார்த்து அண்ணன் போதும் என்று கை காட்டினார். முழுக்க நேராகும் வரை போக ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு முறை மடங்கி நிமிர்ந்த தகட்டை மேலும் தள்ளினால் மடிப்பு ஓரத்தில் விரியும். அளந்து பார்த்தோம், இழந்த ஏழு லிட்டரில் ஆறு திரும்பியிருந்தது.

கல்லடி டொக்கு மட்டும் அசையவே இல்லை. அது வேறு ஜாதி. உறிஞ்சியதில் குழிந்த தகடு வளைந்ததே தவிர நீளவில்லை, அதனால் தள்ளினால் பழைய இடத்துக்கு வரும். கல் இடித்த இடத்தில் தகடு நீண்டு மடிந்துவிட்டது, அதைத் தள்ளினால் வேறு வடிவத்தில்தான் வரும். அதை விட முக்கியம், அந்த மடிப்புக் கோட்டில் வேர்வை மாதிரி இரண்டு துளி தண்ணீர் அரும்பி நின்றது. உள்ளே துரு பிடிக்காமல் இருக்க டேங்குத் தகட்டில் பூசியிருக்கும் ஈயப்பூச்சு மடிப்பில் வெடித்து, ஐந்து வருடம் உள்ளிருந்து துரு தின்றிருக்கிறது. குளிர்ந்த இரவுகளில் டேங்குக்குள் ஈரம் படியும், இப்போது வரும் பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனாலும் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், இரண்டும் போய்ச் சேருவது டேங்கின் தாழ்ந்த இடத்துக்குத்தான். பெட்ரோல் இருந்தபோது ஒழுகாமல் காத்தது அந்தத் துருவேதான், நாங்கள் கழுவியதும் திறந்துகொண்டது.

ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசை வைக்கலாம் என்றார்கள். வழியில் நின்றால் வீடு வந்து சேர வைக்கலாம், அதற்கு மேல் நான் அதை நம்ப மாட்டேன். கேஸ் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டில் ஓட்டையைப் பெரிதாக்கும், டேங்கில் நெருப்பு காட்டுவதே எனக்குப் பிடிக்கவில்லை. காலி டேங்கு நிறைந்த டேங்கை விட ஆபத்து. காற்றில் பெட்ரோல் ஆவி ஒன்றரை சதவீதத்திலிருந்து ஏழரை சதவீதம் வரை இருந்தால் பற்றிக்கொள்ளும், கழுவாத காலி டேங்குக்குள் அந்த அளவு எப்போது வேண்டுமானாலும் வரலாம். மேட்டுப்பாளையத்தில் ரேடியேட்டர் வேலை செய்கிற பாய் ஒருவர் ஈயத்தை உருக்கி ஒட்டுகிற ஈயப் பற்று வைப்பதில் கெட்டிக்காரர் என்று அண்ணன் சொன்னார். தேயிலை ஏற்றுகிற பிக்கப்பில் டேங்கைக் கொடுத்துவிட்டு நானும் இறங்கினேன்.

பாய் டேங்கை வாங்கியதும் செய்த முதல் வேலை டேங்கின் வாயில் மூக்கை வைத்து மோந்து பார்த்ததுதான். "நீங்க கழுவினது சரிங்க, ஆனா என் திருப்திக்கு நானும் கழுவிக்கிறேன்" என்று கொதிக்கிற தண்ணீரில் மறுபடி இரண்டு முறை கழுவினார். பிறகு டேங்கைத் தலைகீழாகச் சாய்த்து வைத்து, வேலை செய்யப் போகிற இடத்துக்கு அடியில் ஒரு விரற்கடை மட்டும் விட்டு மற்றதெல்லாம் தண்ணீர் நிரப்பினார். ஆவி தங்க இடமே இல்லை. தண்ணீர் தகட்டைத் தொட்டால் சூட்டை இழுத்துவிடும், ஈயம் ஓடாது, அதனால்தான் அந்த ஒரு விரற்கடை. மடிப்பை வெள்ளையாகும் வரை சுரண்டி, துத்தநாகம் கரைத்த ஆசிட்டைத் துணியால் தடவி, கரண்டி அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகட்டைத் தட்டி டொக்கின் வடிவத்துக்கே வளைத்து வைத்தார். தலையில் செம்புக் கட்டி இருக்கிற பற்றுக்கோலை ஐந்தாறு அடி தள்ளி இருந்த அடுப்பில் காய்ச்சி எடுத்து வந்து, ஈயத்தை ஓடவிட்டார். டேங்கின் பக்கத்தில் ஒரு முறை கூட நெருப்பு வரவில்லை. ஓரம் முழுக்க ஈயம் உள்ளே ஊறி மறுபக்கம் வெள்ளிக் கோடாகத் தெரியும் வரை விடவில்லை. டொக்கை நிமிர்த்தச் சொல்லவில்லையா என்று கேட்டேன். "அது இருந்துட்டுப் போகட்டுங்க, நிமித்தினா பத்து எடத்துல விடும்" என்றார். கூலி 700 ரூபாய்.

டேங்கைக் காயவைத்ததும் அங்கேதான். நவம்பர் கோத்தகிரியில் மூடுபனியில் துணியே காயாது, வளைந்த டேங்குக்குள் இருக்கிற ஈரம் எங்கே காயும். பாய் கடை மொட்டை மாடி வெயிலில் இரண்டு நாள் கிடந்தது.

மாட்டும்போது ரப்பர் குழாய்கள் அத்தனையும் புதிது போட்டோம், எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குகிற ரகம் கேட்டு வாங்கினோம். காற்றுக் குழாயின் வாயில் பழைய ஃபில்டர் வலைத் துண்டைச் சுற்றிக் கட்டினேன், இனிக் குளவி நுழையாது. மூடி வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்கினோம். புது மூடியின் உள்பக்கம் வாயை வைத்து உறிஞ்சினால் காற்று வர வேண்டும், கடையிலேயே நான்கு மூடியைப் பார்த்ததில் இரண்டில் வரவில்லை. டேங்கு வேலை, குழாய், மூடி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய்.

பற்று வைத்த இடம் துருவேறி மறுபடி அரும்பினால் அடுத்த முறை டேங்கை மாற்றிவிடுவோம், அதற்குள் நல்ல கார்புரேட்டர் வண்டி டேங்கு ஒன்று கிடைத்தால் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாதம் ஒருமுறை குனிந்து விரலால் தடவிப் பார்க்கிறேன், இதுவரை காய்ந்துதான் இருக்கிறது. குஞ்சப்பனையில் வண்டி நிற்கவில்லை. மார்கழி முழுக்க ஷெட்டில் சத்தம் கேட்கவில்லை என்று அம்மா சொன்னார். 2025 ஜனவரி கடைசியில் முள் சிவப்பைத் தொட்டதும் மேட்டுப்பாளையத்தில் ஃபுல் டேங்கு போட்டோம், 22.7 லிட்டர். அப்பா நோட்டில் அதை எழுதிவிட்டு, பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'மூடி புதுசு' என்று எழுதினார். பிறகு இரண்டு பக்கம் திருப்பி, 2022 மார்ச்சு வரிக்குப் பக்கத்திலும் 'மூடி மாற்றியது' என்று எழுதி வைத்தார்.